பாராளுமன்றத்தை மூடும் நாளிலேயே காரணத்தையும் வெளியிடுங்கள்

2025 மே 27 அன்று மூன்றாம் சார்ல்ஸ் மன்னர் ஒட்டாவாவுக்கு வந்து, கூட்டத்தொடரின் தொடக்கத்தில் அரசாங்கத்தின் திட்டங்களைச் சொல்லும் சிம்மாசன உரையை வாசித்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கனடாவில் அந்த உரையை ஆட்சியிலிருக்கும் அரசரோ அரசியோ நேரில் வாசித்தது 1977க்குப் பிறகு அதுவே முதல்முறை. ஆனால் உரையை எழுதியது அரசாங்கம். மன்னர் அங்கே தீர்மானித்தது எதுவுமில்லை. இந்த நாட்டு அரசியலில் முடியாட்சி உண்மையாக வேலை செய்யும் இடம் வேறு. அங்கே இரண்டு மாதம் முன்பு, மார்ச் 23 அன்று, பாராளுமன்றத்தை மூடியதற்குக் காரணம் சொல்ல வைக்கும் விதியில் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை என்பது எனக்கு வருத்தம்.

1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நிறைவேற்று அதிகாரத்தை முடியிடம், அதாவது ஆட்சியிலிருக்கும் அரசரிடம், வைக்கிறது. 1947இல் வந்த அரச ஆவணம், அந்த அதிகாரங்களை, கனடாவில் அரசரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் பயன்படுத்த வழிசெய்தது. மாகாணங்களில் அதே வேலையைத் துணைநிலை ஆளுநர்கள் செய்கிறார்கள். ஏறத்தாழ எல்லாமே பிரதமரின் ஆலோசனைப்படிதான் நடக்கும். சொந்தமாக யோசிக்க வேண்டிய தருணங்கள் மிகச் சில: யாரை ஆட்சியமைக்க அழைப்பது, சபையைக் கலைக்கச் சம்மதிப்பதா, கூட்டத்தொடரை முடித்துவைத்து, அடுத்தது தொடங்கும்வரை சபையை மூடச் சம்மதிப்பதா.

இது சரியாக நடந்ததற்கு 2017 பிரிட்டிஷ் கொலம்பியா நல்ல உதாரணம். மே 9 தேர்தலில் மொத்தம் 87 ஆசனங்கள். லிபரல் 43, புதிய ஜனநாயகக் கட்சி 41, பசுமைக் கட்சி 3. முதல்வர் கிறிஸ்டி கிளார்க் பதவியில் நீடித்து சபையைச் சந்தித்தார். அது அவருடைய உரிமை. தேர்தல் முடிந்ததும் பதவி தானாகப் போய்விடாது. ஜூன் 29 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 44க்கு 42 என்று தோற்றார். உடனே சபையைக் கலைக்கக் கேட்டார். துணைநிலை ஆளுநர் ஜூடித் குய்ச்சன் மறுத்துவிட்டு, புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜோன் ஹோர்கனை அழைத்தார். தேர்தல் நடந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அவருடைய கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்த மாற்று அணியின் ஒப்பந்தம் ஏற்கெனவே எழுத்தில் கையெழுத்தாகி இருந்தது. சபையில் அதற்குப் பெரும்பான்மை இருப்பதை வாக்கெடுப்பே காட்டியிருந்தது. அந்த ஆட்சி மூன்று வருடத்துக்கு மேல் நின்றது.

1926இல் ஆளுநர் நாயகமாக இருந்த பிங் பிரபு இதையேதான் செய்தார். ஆனால் கணக்குப் பிழைத்தது. சுங்கத்துறை ஊழலில் சிக்கிய பிரதமர் மெக்கென்சி கிங் கலைப்புக் கேட்டார். பிங் மறுத்து, எதிர்க்கட்சித் தலைவர் ஆதர் மீகனைப் பிரதமராக்கினார். அக்காலச் சட்டப்படி சம்பளமுள்ள அமைச்சர் பதவியை ஏற்பவர் தன் ஆசனத்தை இழந்து இடைத்தேர்தலில் மறுபடி வெல்ல வேண்டும். ஆகவே பிரதமரான கணத்திலேயே மீகனுக்குச் சபையில் இடமில்லை. மற்றவர்களைச் சம்பளமில்லாத பதில் அமைச்சர்களாக வைத்துச் சமாளிக்கப் பார்த்து, சில நாட்களில் ஒரே ஒரு வாக்கால் தோற்றார். பிறகு மீகன் கேட்ட கலைப்புக்குப் பிங் சம்மதிக்க, கிங்குக்கு மறுத்ததை மீகனுக்குக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டோடு தேர்தல் நடந்தது. செப்டெம்பரில் கிங்கே வென்றார். மறுக்கும் உரிமை பிங்குக்கு இருந்தது என்றே நான் நினைக்கிறேன். மாற்று அரசு ஒரு மாதமாவது நிற்குமா என்று எண்ணிப் பார்க்காததுதான் தவறு.

கலைப்புக்கு முடிவில் மக்கள் தீர்ப்பு வந்துவிடும். கூட்டத்தொடரை முடித்துவைப்பது அப்படியல்ல. நிலுவையிலுள்ள அரசாங்க மசோதாக்கள் செத்துவிடும், குழு விசாரணைகள் நிற்கும், சபை கூடாததால் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் வழியில்லை. 2008 டிசெம்பர் 8 அன்று அப்போதைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திக்க வேண்டியிருந்தது. 308 ஆசனங்களில் அவருக்கு 143 மட்டுமே. எதிரணியில் மூன்று கட்சிகளும் சேர்ந்து மாற்று ஆட்சிக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. டிசெம்பர் 4 அன்று ஆளுநர் நாயகம் மிக்காயேல் ஜானை இரண்டு மணி நேரத்துக்கு மேல் சந்தித்துவிட்டு, சபையை ஜனவரி 26 வரை மூடிக்கொண்டு வெளியே வந்தார். அந்த இடைவெளியில் லிபரல் கட்சியின் தலைவரே மாறினார், கூட்டணி கலைந்தது, ஹார்ப்பர் தப்பினார். ஜான் எடுத்த முடிவுக்கு நியாயம் இருந்திருக்கலாம். கூட்டணி உறுதியானதல்ல என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் எந்தக் காரணத்தில், எந்த நிபந்தனையில் சம்மதித்தார் என்று அன்று நாட்டுக்கு ஒரு வரிகூடச் சொல்லப்படவில்லை.

2017இல் மக்களவை தன் நடைமுறை விதிகளில் (நிலையியல் கட்டளைகளில்) ஒன்றைச் சேர்த்தது: முடித்துவைப்புக்குப் பின் புதிய கூட்டத்தொடர் தொடங்கி 20 அமர்வு நாட்களுக்குள் அரசாங்கம் காரணத்தை எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் புதிய கூட்டத்தொடர் தொடங்கினால்தான் அந்த விதிக்கு உயிர். 2025 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ பதவி விலகும் முடிவை அறிவித்து, சபையையும் மார்ச் 24 வரை மூட வைத்தார். மார்ச் 23 அன்று, திறக்க ஒரு நாள் இருக்கும்போது, புதிய பிரதமர் மார்க் கார்னியின் ஆலோசனையில் சபை கலைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தொடர் பிறக்கவேயில்லை. ஆகவே காரணம் சமர்ப்பிக்கும் கடமையும் எழவில்லை. விதியை யாரும் மீறவில்லை. விதிதான் போதவில்லை.

முடியாட்சியையே ஒழித்துவிடலாமே என்பவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. குடியுரிமைச் சத்தியத்தில் மன்னரின் பெயரைச் சொல்ல மனம் ஒப்பாத தமிழர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு 1982ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி மக்களவை, செனற், பத்து மாகாண சபைகள் அத்தனையும் இணங்க வேண்டும். 1990இல் அரசியலமைப்பைத் திருத்த முயன்ற மீச் லேக் ஒப்பந்தம் இரண்டு மாகாணங்கள் நிறைவேற்றாததாலேயே செத்தது. அந்தக் கதவு திறக்கும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை.

நான் கேட்பது சிறிய சட்டம். முடித்துவைக்கும் பிரகடனம் வர்த்தமானியில் வெளிவரும்போதே, பிரதமர் கொடுத்த ஆலோசனையும் அதற்கான காரணமும் அதே இதழில் வர வேண்டும். நம்பிக்கை வாக்கெடுப்பு எதுவும் நிலுவையில் உள்ளதா என்பதையும் அதில் சொல்ல வேண்டும். கடமை பிரதமருக்கு மட்டும். ஆளுநர் நாயகத்தின் அதிகாரத்தில் கைவைக்காதபடி எழுதினால் 41ஆம் பிரிவு குறுக்கே வராது. 2007இல் நிலையான தேர்தல் திகதிச் சட்டமும் அந்த அதிகாரத்தைப் பாதிக்காது என்று வெளிப்படையாக எழுதித்தான் நிறைவேறியது. அந்தச் சட்டம் இருக்கும்போதே 2008இல் ஹார்ப்பர் முன்கூட்டித் தேர்தலுக்குப் போனார் என்பதையும் மறக்கவில்லை. அதனால்தான் திகதியைக் கட்டிப்போடச் சொல்லாமல், காரணத்தை வெளியிடச் சொல்கிறேன். இதற்குப் பொதுப்பணம் ஒதுக்கத் தேவையில்லை; ஆகவே பணச் செலவு மசோதாக்களுக்குத் தேவைப்படும் அரச பரிந்துரையும் வேண்டாம், பின்வரிசை உறுப்பினர் ஒருவரே மசோதாவாகக் கொண்டுவரலாம். உங்கள் தொகுதி உறுப்பினரைச் சந்திக்கும்போது இதைக் கேளுங்கள்.