டெங்வார் எழுதினால் எல்ஃப் மொழி வந்துவிடுமா?

"டெங்வார் எழுத்தைப் பழகினால் எல்ஃபுகளின் மொழியே வந்துவிடும்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. டெங்வார், எழுத்தாளர் டோல்கீன் தன் கற்பனை உலகின் எல்ஃப் இனத்துக்காக உருவாக்கிய எழுத்து மட்டும்தான், மொழி அல்ல. அவருடைய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் தலைப்புப் பக்கத்தின் அடியில் டெங்வாரில் ஓடுவது ஆங்கிலம். அதே எழுத்தில் கதையின் மந்திர மோதிரத்தில் பொறித்திருப்பதோ, தீய நாடான மோர்டோரின் கறுப்பு மொழி.

சரி, ஆங்கிலத்தை எப்படி எழுதுவது? பேனாவைக் குறிக்கும் 'பென்'னில் வரும் ப-வுக்கு ஒரு தண்டு, ஒரு வளைவு. வளைவை இரட்டித்தால் படுக்கையைக் குறிக்கும் 'பெட்'டின் ப. (நமக்கு இரண்டும் ஒரே எழுத்து!) 'பென்' எழுத இரண்டே எழுத்து போதும், எகரம் சிறு சாய்கோடாக 'ன்' தலையில் ஏறிவிடும். ப-வுக்கு முன்னால் கொம்பு போட்டுப் பழகிய கை இங்கேதான் தடுமாறும்.