பீட்டர்சன் வழக்கில் நீதிமன்றம் சொன்னது அதுவல்ல

"அமெரிக்கக் கால்பந்து வீரர் ஏட்ரியன் பீட்டர்சனை நீதிமன்றமே விடுவித்த பிறகும் என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) தண்டித்தது, பிள்ளை வளர்ப்பில் லீக் தலையிடக் கூடாது என்று நீதிபதியே தீர்ப்பளித்தார்" என நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல.

2014 மே மாதம், பீட்டர்சன் தன் நான்கு வயது மகனை மரத்திலிருந்து ஒடித்த விளாரால் அடித்ததில் குழந்தையின் உடலில் காயங்கள் ஏற்பட்டன. நியாயமான அளவில் பெற்றோர் அடிப்பதை டெக்சாஸ் சட்டம் அனுமதிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த எல்லையைத் தாண்டியதாகவே அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. நவம்பரில், குறைக்கப்பட்ட ஒரு குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடப் போவதில்லை என்று அறிவித்து, 4,000 டாலர் அபராதத்தையும் 80 மணி நேர சமூக சேவையையும் நன்னடத்தைக் கண்காணிப்பையும் அவர் ஏற்றுக்கொண்டார். இதை விடுதலை என்று எப்படிச் சொல்ல முடியும்?

நீதிபதி டேவிட் டோட்டி 2015 பிப்ரவரியில் லீக்கின் நடவடிக்கைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது மெய். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி, 2014 ஆகஸ்டில் லீக் கடுமையாக்கிய வீரர் நடத்தை விதியை அதே ஆண்டு மே மாதச் செயலுக்குப் பின்னோக்கிப் பொருத்தலாமா என்பதே தவிர, பிள்ளையை அடித்த வீரரை லீக் தண்டிக்கலாமா என்பதன்று. அந்தத் தீர்ப்பையும் 2016 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

தண்டனையின் அளவு மிகையா என்று வாதிடலாம். எனக்கும் அதில் தயக்கம் உண்டு. ஆனால் காயம்பட்ட குழந்தையை மறைத்துவிட்டு, இதை வெறும் கண்டிப்பு என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.