சிட்னிப் பெற்றோர் கவனத்துக்கு: அந்த 20 இரவு மணி நேரம்

நியூ சவுத் வேல்ஸில் கார் ஓட்டப் பழகுபவர்களில் 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், ஓட்டுநர் தேர்வுக்கு முன் லாக்புக்கில் (பயிற்சிப் பயணங்களை எழுதி வைக்கும் பதிவேடு) 120 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் அதற்குள் 20 மணி நேரம் இரவு ஓட்டம் இருந்தாக வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரைதான் இரவுக் கணக்கு. டிசம்பரில் சிட்னியில் இருட்ட எட்டு மணி தாண்டிவிடும்; ஜூனில் ஐந்து மணிக்கே இருட்டு. குளிர்காலத்தில் டியூஷனுக்கும் கடைக்கும் போகிற வழியிலேயே இந்த மணி நேரத்தை முடித்துவிடலாம். கோடையில் தேர்வை வைத்துக்கொண்டு தவிப்பது வேண்டாத பாடு.

இன்னொன்று, பக்கத்தில் உட்காருபவரிடம் முழுமையான ஆஸ்திரேலிய லைசென்ஸ் இருக்க வேண்டும். ஊரில் முப்பது வருடம் ஓட்டிய அப்பாவாக இருந்தாலும், கையில் இருப்பது இந்திய, இலங்கை லைசென்ஸ் என்றால் செல்லாது. பச்சை பி பிளேட் (தற்காலிக லைசென்ஸின் இரண்டாம் கட்டம்) போட்ட அண்ணனும் கூடாது. ஒவ்வொரு பயணத்தையும் அன்றன்றே எழுதி, கூட வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

தேர்வில் தேறி சிவப்பு பி (தற்காலிக லைசென்ஸின் முதல் கட்டம்) கிடைத்ததும் பிள்ளைகள் கொஞ்சம் அசந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டத்தில் உச்ச வேகம் 90 கிலோமீட்டர்தான். எந்த வேக மீறலுக்கும் குறைந்தது 4 லைசென்ஸ் புள்ளி போகும். அந்த லைசென்ஸில் இருப்பதே 4. வேகக் கேமராவில் ஒரே ஒரு முறை சிக்கினாலும், குறைந்தது மூன்று மாதம் ஓட்ட முடியாது. இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.