கொப்பி போனால் என்ன மிஞ்சும்?

இந்த ஒரு வாரத்துக்குள் நாலு பேர் எனக்கு ஒரே பதிவை அனுப்பிவிட்டார்கள். "சேர், உங்கட வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ" என்று ஒரு குறிப்பும் சேர்த்து. அமெரிக்காவின் தென் கரோலினாவில் லேக் சிற்றி என்று ஒரு சின்ன ஊர். 1959. ஒரு கறுப்பினச் சிறுவன் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் கேட்கிறான். கறுப்பர்களுக்குக் கொடுப்பதில்லை என்கிறார் நூலகர். அவன் போகமாட்டேன் என்று மேசையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். பொலிஸ் வருகிறது, அம்மா வருகிறார், கடைசியில் புத்தகம் கிடைக்கிறது. பிறகு அவன் விண்வெளிக்குப் போகிறான். அந்தக் கட்டடத்துக்கு இன்று அவன் பெயர். அவ்வளவுதான் பதிவு.

நல்ல கதை. நடந்த கதையும்கூட. ஆனால் புத்தகம் கிடைத்ததற்கும் விண்வெளிக்குப் போனதற்கும் நடுவில் இருபத்தைந்து வருடம் கிடக்கிறது. அவ்வளவையும் "பிறகு" என்ற ஒரு சொல்லுக்குள் அமத்திவிட்டார்கள். இலங்கையில் திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பித்துச் சோறு தின்னுகிறவன் நான். எனக்கு அந்தப் "பிறகு"தான் வேண்டும்.

அவர் பெயர் ரொனால்ட் மக்நெயர். அப்பா கார் திருத்துகிறவர், அம்மா ஆசிரியை. சின்ன வயதில் புகையிலை, பருத்தித் தோட்டங்களில் வேலை செய்திருக்கிறார். 1971இல் வட கரோலினாவில் பௌதிகவியல் பட்டம். சாக்ஸபோன் வாசிப்பார், கராத்தேயில் கறுப்புப் பட்டி. அங்கிருந்து எம்.ஐ.ரி. என்கிற பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய் லேசர் ஆய்வில் இறங்குகிறார்.

கலாநிதிப் பட்டம் கிட்டத்தட்டக் கைக்கு வந்த நேரம், சேர்த்து வைத்திருந்த ஆய்வுத் தரவு முழுக்கக் களவு போய்விட்டது. இப்போது போல எங்கேயோ ஒரு பிரதி தானாகச் சேமித்துக்கொண்டிருக்கும் காலமில்லை. போனது போனதுதான். மனிதர் திரும்ப ஆய்வுகூடத்துக்குப் போய், லேசரை மூட்டி, எல்லா அளவீட்டையும் முதலிலிருந்து எடுத்திருக்கிறார். ஒரு வருடத்துக்குள். 1976இல் பட்டமும் வாங்கிவிட்டார்.

இதை வாசித்த இரவு எனக்கு என்னுடைய செய்முறைக் கொப்பி, அதாவது பரிசோதனைகளின் அளவீடுகளை எழுதி வைக்கிற கொப்பி, ஞாபகத்துக்கு வந்தது.

90ஆம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்க, உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். வீட்டில் விட்டுப்போன சாமான்களோடு கொப்பியும் போயிற்று. திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தபோது புதுக் கொப்பி எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று இரவில் எழுதிக் கொடுத்தேன். எப்படி? முந்தின வருடத்து அண்ணா ஒருவரின் கொப்பியைப் பார்த்து. எளிய ஊசல் என்றால் முதலில் விடை, புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.8. அதிலிருந்து பின்னுக்குப் போய் அலைவு காலங்கள். எல்லாப் புள்ளியும் கோட்டில் விழுந்தால் சேருக்குச் சந்தேகம் வரும் என்று ஒன்றை மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளி வைப்போம். அந்தக் கள்ளத்தில் காட்டிய கைப்பக்குவத்தை ஊசலிலேயே காட்டியிருக்கலாம். தொலைந்த முதல் கொப்பியும் இதே மாதிரித்தான்.

எனக்கு உறைப்பது இதுதான். அவருக்குக் கொப்பி போனபோது பௌதிகவியல் கையில் மிஞ்சியிருந்தது. என்னுடைய கொப்பி போனபோது ஒன்றும் போகவில்லை, ஏனென்றால் அதில் ஒன்றும் இருக்கவில்லை.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை, அதில் எனக்கும் பங்கு உண்டு. என் வகுப்பில் அறுபது பிள்ளைகள். மீற்றர் பாலத்தை, கம்பி ஒன்றை வைத்து மின்தடை அளக்கிற அந்தக் கருவியை, வெள்ளைப் பலகையில்தான் கண்டிருக்கிறார்கள். பரீட்சையில் செய்முறையைப் பற்றிக் கேள்வி வரும், செய்முறை வராது. ஆகவே "ஏன் அந்தக் கம்பியை அதிக நேரம் இணைத்து வைக்கக்கூடாது?" என்று கேட்டால் "கம்பி சூடாகும், தடை மாறும்" என்று நித்திரையிலும் சொல்வார்கள். சூடான கம்பியைத் தொட்டுக் கையை உதறிய ஒரு பிள்ளைகூட இல்லை. கொஞ்ச வருடத்துக்கு முன் ஏ எடுத்துப் பொறியியல் பீடம் போன ஒரு பெடியன் முதல் கிழமையே கோல் எடுத்தான். "சேர், இந்த நகரும் நுணுக்குக்காட்டிய எந்தப் பக்கத்தால பார்க்கிறது?" சிரித்துவிட்டு போனை வைத்தேன். அன்று முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தது.

மக்நெயருக்குத் திரும்பி வருகிறேன். பட்டத்துக்குப் பிறகு கலிபோர்னியாவில் ஹியூஸ் ஆய்வுகூடத்தில் வேலை. செய்மதிக்குச் செய்மதி லேசர் மூலம் தகவல் அனுப்புவது உட்பட அங்கேயும் லேசர்தான். 1978இல் நாசா புது விண்வெளி வீரர்களைத் தெரிந்தபோது எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள், எடுபட்டது 35 பேர். அதில் இவரும் ஒருவர். இன்னொரு பௌதிகவியலாளர் சாலி ரைட்டும் அதே அணிதான்.

1984 மாசியில் சலஞ்சர் விண்ணோடத்தில் முதல் பயணம். கயிறு எதுவும் இல்லாமல் ஒரு மனிதன் கறுப்பு வெளியில் தன்னந்தனியாக மிதக்கும் படம் ஒன்று உண்டே, பலபேர் தொலைபேசியில் முகப்பாக வைத்திருப்பார்கள், அது அந்தப் பயணத்தில் எடுத்ததுதான். மிதப்பவர் புரூஸ் மக்கான்ட்லஸ். மக்நெயர் உள்ளே இருந்து இயந்திரக் கையை இயக்கியவர். அதே பயணத்தில் விட்ட இரண்டு செய்மதிகள் அவற்றின் மோட்டார் கோளாறால் உரிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. அதே வருடம் கார்த்திகையில் இன்னொரு விண்ணோடம் போய் இரண்டையும் பிடித்துக் கீழே கொண்டு வந்தது. பிழை போனால் திரும்பச் செய்கிற ஆட்கள் இவர்கள்.

1986 தை 28. ஹலி வால்வெள்ளி வந்த வருடம். எங்கள் தலைமுறைக்கு மறக்காது. கோணேசர் மலையில் ஏறிப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டு அப்பாவிடம் ஏச்சு வாங்கியவன் நான். கோட்டைக்குள் ஆமி, இரவில் வெளியில் நிற்கிற காலமா அது! மக்நெயர் அந்த வால்வெள்ளியை ஆராயும் ஒரு சிறு செய்மதியை விண்ணில் விடப் போனார். சலஞ்சர் எழும்பி 73 செக்கனில் சிதறியது. ஏழு பேரும் போய்விட்டார்கள். மக்நெயருக்கு 35 வயது. அந்த ஏழு பேரில் நாலு பேர் 1978இல் ஒன்றாகத் தெரிவானவர்கள்.

ஏன் வெடித்தது என்பதை விசாரித்த ஆணைக்குழுவில் சாலி ரைட்டும் இருந்தார், நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் பைன்மனும் இருந்தார். பைன்மன் செய்ததை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்வேன். ரொக்கெட் பகுதிகளின் மூட்டை அடைக்கிற இறப்பர் வளையத்தில் ஒரு துண்டு. அதைச் சின்ன இடுக்கியால் நெரித்து, மேசையில் இருந்த ஐஸ் தண்ணீர்க் குவளைக்குள் போட்டார். எடுத்து இடுக்கியைக் கழற்றினால் இறப்பர் உடனே பழைய உருவுக்கு வரவில்லை, அதாவது குளிரில் அது மூட்டைச் சரியாக அடைக்காது. விண்ணோடம் கிளம்பிய முந்தின இரவு குளிர் உறைநிலைக்குக் கீழே போயிருந்தது. இந்தக் குளிரில் வேண்டாம் என்று பொறியியலாளர்கள் அன்றிரவே வாதாடியும் இருக்கிறார்கள். மேலிடம் கேட்கவில்லை. தாள் தாளாய்ப் பேசியதைக் குவளைத் தண்ணீர் ஒரே நிமிடத்தில் காட்டிவிட்டது.

வருடா வருடம் *சொல்வேன்* என்றேன் பாருங்கள். ஐஸ் தண்ணீரும் இறப்பரும் எங்கள் சந்திக் கடையிலேயே கிடைக்கும். ஒருநாளும் செய்து காட்டியதில்லை.

அந்த வெட்கத்தில்தான் போன மாதம் பதினொரு பிள்ளைகளைக் கன்னியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழு வெந்நீர்க் கிணறு. தாயின் கிரியைக்காக இராவணன் தோண்டியது என்று அப்பம்மா சொல்லுவா. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்று எல்லோரும் சொல்கிறோம், பார்ப்போமே என்று நாலு வெப்பமானியோடு போனோம். மூன்றாவது கிணற்றுக்கு மூன்று குழு மூன்று விடை சொன்னது. ஒருத்தி வெப்பமானியை வெளியே எடுத்து வெயிலில் பிடித்து வாசித்திருக்கிறாள். ஒருவன் அளந்தது கிணற்றை இல்லை, யாரோ அள்ளி வைத்த வாளியை. மூன்றாவது குழு சரியாகத்தான் செய்தது, ஆனால் மற்றவர்களைப் பார்த்துத் தங்கள் வாசிப்பை மாற்றி எழுதிவிட்டார்கள்! (அந்த இடத்தில் என்னையே கண்டேன்.) திரும்ப வரிசையில் நின்று, குளிக்க வந்த சனத்திடம் பேச்சும் வாங்கி, ஏழையும் மறுபடி அளந்தோம். பாதி நாள் போயிற்று. இரவு ஒரு அம்மா கோல் எடுத்தா. "சேர், இண்டைக்குக் கணக்கு ஒண்டும் செய்யேல்லையாம்?"

அடுத்த கிழமையும் போகிறோம். காலையில் எடுத்த அளவும் பின்னேரம் எடுக்கும் அளவும் ஒன்றா என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள், எனக்கு விடை தெரியாது. வெப்பமானி ஒன்று கல்லில் பட்டு உடைந்துவிட்டது, இன்னொன்றின் கோடுகள் அழிந்துபோயிற்று. வீட்டிலோ கடையிலோ சும்மா கிடக்கிற நல்ல வெப்பமானி வைத்திருப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். காய்ச்சல் பார்க்கிறது வேண்டாம்.