பிரஷ்ஷுக்கு மூடி தேவையில்லை
பல் துலக்கும் பிரஷ்ஷை 3 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன்; அதுவரை பிரஷ்ஷை எப்படிப் பராமரிப்பது என்பதையும் அக்கட்டுரை சொல்லியிருக்கலாம். பல் துலக்கியவுடன் ஈரத்தோடு பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம்; சுத்தம் கருதிச் செய்யும் இச்செயலே ஈரத்தைத் தேக்கிக் கிருமிகள் பெருக வழிசெய்கிறது என்பதால்தான், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் பிரஷ்ஷை வழக்கமாக மூடி வைக்க வேண்டாம் என்கிறது. நார்களைக் கட்டைவிரலால் விலக்கிப் பார்த்தால், அடியில் இறுகிப்போன வெள்ளைப் பற்பசை தெரியும். அது போகும்வரை ஓடும் நீரில் அலசி, நன்றாக உதறி, நார்ப்பகுதி மேலே இருக்கும்படி, மற்றவர்களின் பிரஷ்களோடு உரசாமல் காற்றுப்படும் இடத்தில் நிறுத்தி வைத்தால் போதும். கொதிநீரில் போட்டால் நார்கள் வளைந்துவிடும். எவர்சில்வர் நாக்கு வழிப்பானுக்கு அந்தக் கவலையில்லை, தாராளமாகக் கொதிக்க வைக்கலாம். நார்கள் முன்னதாகவே விரிந்துவிட்டால், மாதக் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.