டேங்க் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து யாரு ஜெயிப்பான்னு சொல்றத நிறுத்துங்கய்யா

முடியல. நேட்டோங்கற ராணுவக் கூட்டணியும் ரஷ்யாவும் மோதினா யாரு ஜெயிப்பான்னு மறுபடியும் ஒரு வீடியோ, இந்தப் பக்கம் ஒரு குவியல் கொடி, அந்தப் பக்கம் ஒத்தக் கொடி, நடுவுல நம்பர் கடகடன்னு ஓடுது, பின்னாடி காதைக் கிழிக்கிற மியூசிக், டேங்க் இத்தனை விமானம் இத்தனை கப்பல் இத்தனை, கடைசியில ஸ்க்ரீன் முழுக்க வின்னர்னு எழுத்து. நாலு நிமிஷம்தான் மொத்தமே. அதைப் பார்த்துட்டு வந்து ஆபீஸ்ல ஒருத்தர் எனக்கு போர் பத்தி கிளாஸ் எடுக்குறாரு. இன்னிக்கு மட்டும் இதே மாதிரி மூணு ஃபார்வேர்டு.

எண்ணிக்கையே பேசக்கூடாதுன்னு நான் சொல்லல. எதை எண்ணுறோம்னு தெரியாம எண்ணுறாங்களே, அதான் எரியுது.

2023 ஏப்ரல்ல பின்லாந்து, 2024 மார்ச்சுல ஸ்வீடன், ரெண்டும் சேர்ந்து நேட்டோ இப்ப 32 நாடு. இன்னும் 30 கொடியை வெச்சே ஓட்டுறான் ஒருத்தன், சரி அதை விடுங்க. இந்த 32 ராணுவத்தையும் ஒரே மூட்டையா கட்டிடுறாங்க பாருங்க, அதான் பெரிய தப்பு. கிரீஸ்கிட்ட எதுக்கு அவ்ளோ டேங்க் இருக்கு? பக்கத்துல துருக்கி இருக்கறதால, ரெண்டும் நேட்டோதான், ஆனா ரெண்டுக்கும் ஆகாது. அந்த துருக்கியோட டேங்கும் கிரீஸோட டேங்கும் வீடியோவுல காட்டுற டேபிள்ல ஒரே கூட்டல்ல வருது. 2019ல ரஷ்யாகிட்டயே எஸ்-400 ஏவுகணை வாங்கி, அதனால அமெரிக்காவோட எஃப்-35 போர் விமானத் திட்டத்துலேருந்து வெளிய அனுப்பப்பட்ட நாடும் இதே துருக்கிதான். ஒருத்தரைத் தாக்குனா எல்லாரும் வந்துடுவாங்கன்னு நேட்டோ ஒப்பந்தத்தோட ஐந்தாவது ஷரத்தைக் காட்டுறாங்க, அதைப் படிச்சுப் பாருங்கய்யா, உதவணும்னு இருக்கு, ஆனா எப்படி உதவுறதுன்னு அந்தந்த நாடு அவசியம்னு நினைக்கிறதைப் பொறுத்துன்னும் இருக்கு. 1949ல ஆரம்பிச்ச கூட்டணி, இத்தனை வருஷத்துல அந்த ஷரத்தைக் கையில எடுத்தது ஒரே ஒரு தடவை, அமெரிக்கா மேல நடந்த 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம்.

காசுக்கு வருவோம். 2024ல நேட்டோ நாடுங்க எல்லாம் சேர்ந்து ராணுவத்துக்கு செலவு பண்ணது சுமார் 1.5 லட்சம் கோடி டாலர், அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்கா ஒண்ணு மட்டும். ரஷ்யாவுது சுமார் 15,000 கோடி டாலர். பத்து மடங்கு, முடிஞ்சுது கதைங்கறாங்க. ரஷ்யா சிப்பாய்க்கு சம்பளம் குடுக்குறதும் ஃபாக்டரியில குண்டு செய்யறதும் ரூபிள்ல, அங்க ஒரு டாலருக்குக் கிடைக்கிறது வேற அமெரிக்காவுல கிடைக்கிறது வேற. 2023 மார்ச்சுல ஐரோப்பிய யூனியன் என்ன சொல்லுச்சு, ஒரே வருஷத்துல உக்ரைனுக்கு 10 லட்சம் பீரங்கிக் குண்டு தர்றோம்னு. 2024 மார்ச் வந்தப்ப போய்ச் சேர்ந்தது கிட்டத்தட்ட பாதிதான். காசு இல்லாமயா? செய்யற இடம் இல்ல, வெடிமருந்து போதல, பல வருஷமா ஆர்டர் வராம கம்பெனிங்க லைனைச் சுருக்கி வெச்சிருந்தாங்க. உக்ரைன் பீரங்கிக்காரன் அங்க ஒவ்வொரு குண்டா எண்ணி எண்ணி சுட்டான். இதை எந்த டேபிள்ல காட்டுவீங்க?

இதைச் சொன்னவுடனே, அப்ப ரஷ்யாதான் கெத்துன்னு ஒரு குரூப் குதிச்சு வரும். அவங்களுக்கும் சொல்றேன். 2022 பிப்ரவரி கடைசியில உக்ரைன் தலைநகர் கீவுக்கு வடக்க 60 கிலோமீட்டருக்கு மேல நீளமா நின்னுச்சே ரஷ்ய வண்டி வரிசை, டீசல் இல்லாம சாப்பாடு இல்லாம சேத்துல மாட்டிக்கிட்டு, அதுல நின்ன வண்டியெல்லாம் உங்க டேபிள்ல பலம்னு எழுதியிருந்ததுதானே? அதே வருஷம் ஏப்ரல்ல மாஸ்க்வா கப்பல் முங்குச்சு, கருங்கடல் படையோட தலைமைக் கப்பல், அடிச்சது பேருக்குக்கூட பெரிய போர்க்கப்பல் மிச்சமில்லாத உக்ரைன். விமானம் தாங்கிக் கப்பல் ஒண்ணுன்னு ரஷ்யா பக்கம் போடுறாங்க, அந்த குஸ்னெத்சோவ் ரிப்பேருக்குப் போய் 2018ல அது இருந்த மிதக்கும் டாக்கே முங்குச்சு, 2019ல கப்பல்ல தீப்பிடிச்சுது, அதுக்கப்புறம் அது கடலுக்கே திரும்பல. ஸ்டோரேஜ்ல துருப்பிடிச்சு நிக்கிற சோவியத் காலத்து டேங்கையும் எண்ணி 10,000 12,000ன்னு அடிச்சு விடுறாங்க.

என்னை ரொம்பவே கடுப்பேத்துனது அந்த ஆபீஸ் ஆளுதான். சரின்னு பொறுமையா உக்காந்து சொன்னேன். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூணையும் மத்த நேட்டோ நாடுங்களோட நிலத்துல சேர்க்கிறது போலந்துக்கும் லிதுவேனியாவுக்கும் நடுவுல இருக்கற சுவால்கி இடைவெளி ஒண்ணுதான், நேரா அளந்தா 65 கிலோமீட்டர் வரும், ஒரு பக்கம் ரஷ்யாவோட கூட்டாளி பெலாரஸ், இன்னொரு பக்கம் ரஷ்யாவோட கலினின்கிராட். போலந்துல ரயில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், அந்த மூணு பால்டிக் நாட்டுலயும் பெரும்பாலும் பழைய ரஷ்ய அளவு 1520. ஜெர்மனியிலேருந்து டேங்க் ஏத்திட்டு வர்ற ரயில் லாட்வியா, எஸ்டோனியா வரைக்கும் அப்படியே போக முடியாது, வழியில இறக்கி மாத்தி ஏத்தணும். 60 டன் டேங்கை எல்லாப் பாலமும் தாங்காது. ஒவ்வொரு எல்லையைத் தாண்டவும் அனுமதிப் பேப்பர், அதுக்கே நாள் கணக்குல ஆகும். எத்தனை டேங்க் இருக்குங்கறது இல்ல, முதல் ரெண்டு வாரத்துல எத்தனை டேங்க் அங்க போய்ச் சேரும்ங்கறதுதான் கேள்வின்னேன். மூச்சு விடாம பத்து நிமிஷம் பேசினேன். அவரு போனை நீட்டி, அதெல்லாம் சின்ன விஷயம் பாஸ், டோட்டல் பாருங்கங்கறாரு.

சின்ன விஷயமா! 1940ல பிரான்ஸ்கிட்ட ஜெர்மனியைவிட டேங்க் குறைவா இல்ல, டேங்கோட கவசத் தகடும் கனமா இருந்துச்சு, ஆறே வாரத்துல நாடு விழுந்துச்சு. 1991ல உலகத்துலயே நாலாவது பெரிய ராணுவம்னு ஈராக்கைச் சொன்னாங்க, அமெரிக்கா தலைமையில வந்த படைகிட்ட தரைப் போர்ல 100 மணி நேரத்துல தோத்துச்சு.

அணு ஆயுதத்தை அந்த டேபிள்ல எங்க எழுதுறாங்க தெரியுமா, ஹெலிகாப்டருக்குக் கீழ ஒரு வரி. உலகத்துல இருக்கற அணு ஆயுதத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் இந்த ரெண்டு பேருகிட்டதான் இருக்கு, அமெரிக்காவும் ரஷ்யாவும். அந்த வரியைத் தொட்டா மேல இருக்கற எந்த வரிக்கும் அர்த்தமே கிடையாது. அதையும் ஒரு பாயின்ட்டா சேர்த்து வின்னர் போடுறான், பார்க்கும்போது கை நடுங்குது எனக்கு.

அப்புறம் முதல் வரியிலயே இருக்கும் பாருங்க ஆள் பலம், போருக்குத் தகுதியான ஆண்கள் இத்தனை கோடின்னு. 2022 செப்டம்பர்ல ரஷ்யா 3 லட்சம் பேரைப் போருக்குக் கூப்பிட்டப்ப ஜார்ஜியா எல்லையில கிலோமீட்டர் கணக்குல கார் நின்னுச்சு, காரை விட்டுட்டு சைக்கிள்லயும் நடந்தும் போனாங்க பசங்க, கையில ஒரு பை மட்டும். அவங்களையும் சேர்த்துத்தான் அந்த வரியில எண்ணி வெச்சிருக்கான்.