வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழலா?

"வீட்டின் வடக்குச் சுவரோரம் வருடம் முழுக்க நிழல், அந்தூரியத்தையும் பன்னத்தையும் அங்கே மாற்றுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். தவறாக எண்ண வேண்டாம். வடக்கே உள்ள குளிர்நாடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், திருகோணமலைக்குப் பொருந்தாது.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.6 பாகையில். சித்திரைப் புத்தாண்டையொட்டி சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சிக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வெயில் விழுவது வடக்குச் சுவரில்தான். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசுவதும் அப்போதுதான், அந்தூரிய இலை ஓரம் கருக வேறென்ன வேண்டும்!

நீங்களே பார்க்கலாம். ஜூனில் மத்தியானம் 12 மணி தாண்டி ஐந்தாறு நிமிடத்தில், ஒரு மீற்றர் கம்பைச் சமதரையில் நேராக நடுங்கள். நிழல் தெற்கே சுமார் 27 சென்ரிமீற்றர் விழும். டிசம்பர் கடைசியில் அதே கம்பின் நிழல் வடக்கே 60 சென்ரிமீற்றரைத் தாண்டும்.

ஆகவே சாடிகளை ஏப்ரல் தொடக்கத்தில் தெற்குச் சுவரை ஒட்டி, அரை மீற்றருக்குள் வையுங்கள். செப்டெம்பரில் வடக்கே திருப்பலாம்.